தொண்டு செய்யச் செய்ய உள்ளம் விரிவது எப்போது?

குறிஞ்சிப்பாடியான் எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வடலூர் சத்திய தருமச்சாலைக்கு மாதப் பூசந்தோறும் காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் போய்வருகிறவன் நான். வெகுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். நூலில் படித்ததைவிடச் செய்துபார்த்து அறிந்ததை வைத்து நீங்கள் விடை எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தருமச்சாலையை வள்ளலார் தொடங்கியது 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில், அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசித்து வருகிறவர்களுக்கு அங்கே சோறு கிடைக்கிறது. அவரே அங்கு அமைத்த வழிபாட்டிடமான சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியதோ 1872 சனவரி 25இல்தான். முதலில் சமையற்கட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்தே சோதி தரிசனம். இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. சோறு போடும் கை பழகிய பிறகே சோதியைப் பார்க்கும் கண் திறக்கும் என்று அவர் கருதியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பழக்கம் எப்போதும் ஒரே விளைவைத் தருவதில்லை. சில நாள் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு நகரும்போது போடுகிறவர் யார், உண்கிறவர் யார் என்ற கணக்கே மனத்தில் எழுவதில்லை. வேலை முடிந்து கை கழுவும்போது ஒரு தெளிவு இருக்கிறது, அது வீட்டுக்கு வந்த பிறகும் நீடிக்கிறது. வேறு சில நாள், அதே வாளி, அதே கரண்டி, அதே வெயில். ஆயினும் மனம் முழுக்க நம் களைப்பும் நம் உழைப்பைப் பற்றிய எண்ணமுமே நிரம்பியிருக்கின்றன. செயலில் வேறுபாடு இல்லாதபோது இந்த வேறுபாட்டை உண்டாக்குவது எது? நெடுங்காலம் தொண்டு செய்தவர்களில் சிலர் மிகவும் கனிந்திருப்பதையும், சிலர் அதிகாரம் மிக்கவர்களாக இறுகிப்போயிருப்பதையும் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆகவே தொண்டு தானாகவே உள்ளத்தை விரிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதை விரிக்கச் செய்வது எது என்பதே என் கேள்வி.

அருள்நெறி மாணவி எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. செய்துபார்த்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்; எனினும் வள்ளலார் இதைப் பற்றிச் சொன்ன ஒன்றை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். அது இல்லாமல் இந்தப் பேச்சு வெறும் மனநிலை பற்றிய பேச்சாகச் சுருங்கிவிடும்.

பசித்தவருக்குச் சோறு போட்டால் புண்ணியம் சேரும் என்ற அளவில் அவர் நின்றுவிடவில்லை. சீவகாருண்ய ஒழுக்கம், அதாவது உயிர்களிடம் இரக்கம் கொண்டு நடப்பது பற்றிய அவருடைய உரைநடையில், பசி வந்தால் ஓர் உயிருக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை ஒரு மருத்துவரின் கவனத்தோடு அடுக்கிக்கொண்டே போகிறார். முதலில் சீவ அறிவு விளக்கமில்லாமல் மயங்குகிறது. அது மயங்கவே, அறிவுக்கு அறிவாக உள்ளே இருக்கும் கடவுள் விளக்கம் மறைகிறது. பிறகு மனம் தடுமாறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது. கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நா வறள்கிறது. சோறு உள்ளே போனதும் இவை ஒவ்வொன்றும் மீண்டு, அந்த விளக்கம் திரும்பவும் முகத்தில் தெரிகிறது என்கிறார். அவர் கணக்கில், பசியாற்றுவது என்பது ஓர் உயிருக்குள் அணையப்போகிற விளக்கை அணையாமல் காப்பது. அதனால்தான் அதை அவரால் வழிபாடு என்றே சொல்ல முடிந்தது.

இதை உங்கள் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கிறேன். பரிமாறுகிறவரின் கவனம் உண்கிறவரின் முகத்தில் நிகழும் அந்த மாற்றத்தில் இருந்தால், அங்கே தன்னைப் பற்றி நினைக்க இடமே இல்லை. கவனம் வாளியிலும் வரிசையிலும் தன் களைப்பிலும் போனால், அதே செயல் வெறும் உடலுழைப்பாகிவிடுகிறது. பசித்தவர் எந்த நாட்டினர், எந்தச் சமயத்தினர், எந்தச் சாதியினர், எப்படிப்பட்ட நடத்தை உடையவர் என்று பார்க்கக்கூடாது என்று அவர் வற்புறுத்தியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஞானசபைக்கு உள்ளே நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்று விதித்தவர், தருமச்சாலைப் பந்தியில் அமர அப்படியொரு நிபந்தனையும் வைக்கவில்லை. தகுதி பார்க்கத் தொடங்கிய கணமே நம் பார்வை முகத்தை விட்டுவிட்டு அடையாளத்துக்குப் போய்விடுகிறது அல்லவா?

நியாயவிலைக் கடைக்காரர் எழுதியது:

நான் வடலூருக்குப் போனதில்லை. பரிமாறிய அனுபவமும் இல்லை. கிராமப்புற நியாயவிலைக் கடையொன்றில் விற்பனையாளராக இருக்கிறேன். அக்கா சொன்ன 'முகத்தைப் பார்ப்பது' என்பதைப் பற்றி என் வேலையிலிருந்து எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் கடையில் பொருள் வாங்க விரல்ரேகை வைக்க வேண்டும். ஆயுள் முழுதும் நாற்று நட்டும் களை பறித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்துபோன விரல்களின் ரேகையைக் கருவி எளிதில் படிப்பதில்லை. ஒரு பாட்டி வந்து வலது கட்டைவிரலை வைப்பார், கருவி ஏற்காது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். அந்த முணுமுணுப்பு காதில் விழுந்ததும் பாட்டியின் முகம் மாறிவிடும், ஏதோ தான் திருடிவிட்டதைப் போல. அரிசி அவருடைய உரிமை. நான் கொடுக்கும் தானம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் அவருக்குக் கொடுக்கவோ பறிக்கவோ கூடிய வேறொன்று இருக்கிறது என்பதை மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டேன். "அவசரமில்லை பாட்டி, கையைக் கொஞ்சம் ஈரத்துணியில் துடைத்துவிட்டு வையுங்கள், கருவிக்குத்தான் கண் தெரியவில்லை" என்று வரிசையில் நிற்பவர்கள் காதிலும் விழும்படி சொன்னால், முணுமுணுப்பும் அடங்குகிறது, அவருடைய தலையும் நிமிர்கிறது.

இதற்கு ஆகும் நேரம் மிகவும் குறைவு, செலவோ ஒன்றுமே இல்லை. ஆனாலும் இது தானாக வருவதில்லை. மூட்டை இறங்கும் நாளில், கணக்கு உதைக்கும் நாளில், நினைவுபடுத்திக்கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி நினைவுபடுத்திக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்ட பிறகு, வீட்டில் பிள்ளைகளிடமும் என் குரல் மாறியிருக்கிறது என்று என் மனைவி சொல்கிறார். கோயிலில் நிற்கும்போது எனக்கு வராத ஓர் அமைதி, சில நாள் கடை சாத்தும் நேரத்தில் வருகிறது. இதை ஆன்மிகம் என்று அழைக்கலாமா என்று அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தராசு எழுதியது:

நியாயவிலைக் கடை நண்பர் தம்மையறியாமலே இந்த இழையின் மையமான சிக்கலைத் தொட்டுவிட்டார்: அரிசி அந்தப் பாட்டியின் உரிமை. அதையொட்டி என் மாறுபட்ட கருத்தை வைக்கிறேன். யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்துவது என் நோக்கமன்று.

அன்னதானத்தின் மூலம் கொடுப்பவரின் உள்ளம் விரிகிறதா என்று நாம் ஆராய்கிறோம். அப்படி ஆராயும்போதே, பசித்தவர் நம்முடைய உயர்வுக்கு ஒரு கருவியாகிவிடுகிறார். அவருடைய பசி தீர்வது முதன்மையாக இருக்க வேண்டிய இடத்தில் நம்முடைய தெளிவு முதன்மையாகிறது. தமிழ்நாட்டில் பசியை உண்மையிலேயே குறைத்தவை, யாருடைய கனிவையும் நம்பியிராத ஏற்பாடுகள்தாம். 1920இல் சென்னை மாநகராட்சி தன் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது, காமராசர் ஆட்சியில் 1956இல் அது மாநிலத் திட்டமானது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அந்தக் குழந்தை நன்றி சொல்ல வேண்டியதில்லை, யாரையும் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. வாங்குபவரைத் தாழ்த்தாத உணவு அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பொட்டலம் கொடுக்கும் கை ஒன்று, படம் பிடிக்கும் கை ஒன்று என்றே பல தொண்டுகள் நடக்கின்றன. பெற்றுக்கொள்ளும் முதியவரின் கூச்சமான முகம் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும்படி வெளியாகிறது. உள்ளம் விரிவதைப் பற்றிப் பேசும் நாம் இதைக் கண்டிக்காமல் மேலே போகக்கூடாது.

சத்துணவுக் கூடம் எழுதியது:

தராசு ஐயாவுக்கு வணக்கம். சத்துணவு மையமொன்றில் அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். திட்டம் யாருடைய கனிவையும் நம்பியிருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உணவு வந்து சேர்வதற்கு அது சரி. குழந்தையின் வாய் வரை போய்ச் சேர்வதற்கு அது போதாது.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளை முட்டை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுப் பாதிச் சோற்றோடு எழுந்துபோகிறது என்பது எந்த விதியிலும் இல்லை. இரண்டாம் முறை கேட்க வெட்கப்பட்டு, தட்டைக் கழுவப் போவதுபோல் அடுப்படிப் பக்கம் வந்து நிற்கும் பிள்ளையை எங்கள் சமையலர் அம்மா தொலைவிலேயே கண்டுகொள்வார். ஒன்றும் கேட்காமல், "இது மிஞ்சிப்போகும், நீ வைத்துக்கொள்" என்று போடுவார். அவர் தமக்கு ஆன்மிகம் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பொறுமை என்றால் என்ன என்று அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

படம் பிடிப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஏற்கிறேன்.

அருள்நெறி மாணவி எழுதியது:

தராசு ஐயா எழுப்பியது மிகவும் கனமான கேள்வி; அதைத் தட்டிக்கழிக்காமல் விடை சொல்ல முயல்கிறேன்.

பசித்தவரைத் தம் உயர்வுக்குக் கருவியாக்கும் ஆபத்து உண்மையானது. வள்ளலார் அதை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஏனெனில் அவர் இரக்கத்துக்குக் காட்டும் காரணம் கொடுப்பவரின் பெருந்தன்மை அன்று, உறவு. உயிர்கள் எல்லாம் ஒரே இயல்பு உடையவை, ஒரே இறைவனால் வருவிக்கப்பட்டவை. ஆகவே உடன்பிறந்தார் துன்பப்படக் கண்டால் உள்ளம் எப்படி உருகுமோ அப்படி உருகுவதே இயற்கை, உருகாதிருப்பதுதான் விளக்கம் வேண்டிய நிலை என்பது அவர் வாதம். தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு நான் தானம் செய்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஆன்மநேய ஒருமைப்பாடு என்று அவர் சொன்னதன் உட்பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்ற இரண்டு தட்டுகளையே எடுத்துவிடுவது.

1873 அக்டோபர் 22ஆம் நாள் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றி அவர் ஆற்றிய பேருபதேசத்தில், தம்மை ஏறாத நிலைமேல் ஏற்றிவிட்டது தயவு என்னும் கருணைதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். உடனே தொடர்ந்து, அந்தத் தயவுக்கு ஒருமை வரவேண்டும், "அந்த ஒருமை இருந்தால்தான் தயவு வரும்" என்றும் சொல்கிறார். குறிஞ்சிப்பாடி ஐயாவின் கேள்விக்கு இதில் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒருமை உணர்வு இல்லாமல் செய்யும் கொடை தயவாக மாறுவதில்லை, கொடையாகவே நின்றுவிடுகிறது. அது பசியைத் தீர்க்கும், செய்தவரை மாற்றாது. ஒருமை முழுதாக வந்த பிறகே தொண்டு செய்யலாம் என்று காத்திருந்தால் அதுவும் வராது. சிறிதளவு ஒருமையோடு செய்யும் சிறு தொண்டு அந்த ஒருமையைச் சற்றே பெருக்குகிறது, பெருகிய ஒருமை அடுத்த தொண்டை இன்னும் இயல்பாக்குகிறது.

திருமணம் முதலிய விசேடங்களில் பந்தல் அலங்காரத்துக்கும் ஆடல் பாடலுக்கும் ஆரவாரத்துக்கும் செலவிடுவதைக் காட்டிலும் பசித்தவரின் பசியை நீக்கி மகிழச் செய்வதே மங்கலம் என்று அவர் இல்லறத்தாரைப் பார்த்துச் சொன்னதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். அதைப் பந்தியில் ஒரு தனி வரிசை போட்டு 'ஏழைகளுக்கு' என்று எழுதிவைத்துச் செய்யும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒப்பவில்லை. எல்லோரும் உட்காரும் வரிசையிலேயே அவர்களையும் உட்கார வைப்பதுதான் அவர் சொன்னதற்கு நெருக்கமானது.

பந்தியில் இருந்தவன் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பரிமாறும் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் உண்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வேலை தேடி அலைந்த காலத்தில், கையில் காசில்லாத நிலையில் நான் தருமச்சாலையில் சாப்பிட்டிருக்கிறேன். முதல்முறை உள்ளே போகும்போது யாராவது பெயர், ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. படித்தவன், நல்ல சட்டை போட்டவன், இங்கே ஏன் வந்தான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் வழிபாட்டுக்கு வந்த ஒரு குடும்பம், இன்னொரு பக்கம் பல நாள் குளிக்காத ஒரு பெரியவர். மூவருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே வேகத்தில் வந்தது. அந்த வரிசையில் நான் வறியவன் என்பது எனக்கே மறந்துபோயிற்று.

தராசு ஐயா உரிமையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வேலையில்லாதவனுக்கும் உணவு உரிமையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் உண்பவனைத் தாழ்த்துவது இலவசம் என்பது அன்று. பரிமாறுகிறவரின் கண்தான் தாழ்த்துகிறது, அல்லது தாழ்த்தாமல் காக்கிறது. வேறோர் இடத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்டபோதே நான் அவமானப்பட்டிருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்ற கேள்வியை இருவர் கேட்டால், ஒருவர் கேட்பது இலையைப் பார்த்து, இன்னொருவர் கேட்பது நம்மைப் பார்த்து. உண்கிறவனுக்கு அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். எனவே குறிஞ்சிப்பாடி ஐயா, உங்கள் மனம் எந்த நாளில் எப்படி இருந்தது என்பதை நீங்கள் மட்டுமே அறிவதாக எண்ண வேண்டாம். எதிரில் அமர்ந்திருப்பவரும் அறிவார்.

தராசு எழுதியது:

மேலே உள்ள பதிவை இருமுறை படித்தேன். உண்டவரே சொல்லும்போது என் வாதத்தின் ஒரு பகுதி தளர்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. திட்டமும் வேண்டும், அதை நிறைவேற்றும் கையில் கனிவும் வேண்டும் என்ற அளவில் உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையை விடமாட்டேன்: தொண்டர்களின் கனிவைக் காட்டி அரசின் கடமையை யாரும் குறைக்கப் பார்த்தால், அப்போது இந்தப் பேச்சு பசித்தவருக்கு எதிராகவே திரும்பிவிடும்.

சந்நிதி வீதி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை நாங்கள் அன்னதானக் கந்தன் என்றே அழைப்போம். கோயிலைச் சூழவுள்ள மடங்களில் அடியார்களுக்கு அமுது படைப்பது அங்கே வழிபாட்டின் பகுதி. அதனால் இந்த உரையாடல் எனக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெரியவர் யோகர் சுவாமிகள் இதை இன்னும் ஒரு படி விரித்தார். தொண்டு என்று தனியே ஒரு வேலை இல்லை; செய்வது எதுவாயினும் சிவதொண்டாகச் செய் என்பதே அவர் தம்மிடம் வந்தவர்களுக்குச் சொன்னது. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக (எழுத்தராக) இருப்பவருக்கும், கமக்காரருக்கும் (உழவருக்கும்), பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதே சொல்தான். 1935இல் அவருடைய வழிகாட்டலில் தொடங்கிய இதழுக்கும் 'சிவதொண்டன்' என்றே பெயர். நியாயவிலைக் கடைத் தம்பி தம் வேலையை ஆன்மிகம் என்று அழைக்கலாமா என்று கேட்டிருந்தார். தம்பி, சுவாமிகளிடம் நீங்கள் கேட்டிருந்தால் அவர் உங்களைக் கோயிலுக்கு அனுப்பியிருக்க மாட்டார், கடையைத் திறக்கத்தான் அனுப்பியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீண்ட போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியிருந்த நாட்களில், கிடைத்த அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றியவர்கள் எங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்தவர்கள். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு அங்கே இருக்கவே இடமில்லை. அருள்நெறித் தங்கை எழுதிய ஒருமை என்பதை நான் நூலில் படிப்பதற்கு முன்னரே அங்கே பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: துன்பம் எல்லோரையும் அப்படிக் கனியச் செய்யவில்லை. சிலரை அது இறுக்கிவிட்டது. அதே கூரையின் கீழ், அதே பசியில் ஒருவர் கனிந்ததும் இன்னொருவர் இறுகியதும் ஏன் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. கனிந்தவர்களில் பலர், அமைதியான காலத்திலேயே சிறு சிறு உதவிகளைப் பேசாமல் செய்து பழகியிருந்தவர்கள் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

இரவுத் துணை எழுதியது:

இவ்வளவு நல்ல பேச்சுக்கு நடுவே என் கேள்வி பொருந்துமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பேச்சும் போய்விட்டது. அவரைக் கவனிப்பதற்காக வேலையை விட்டுவிட்டேன். கோயிலுக்கோ, தொண்டு செய்யவோ, வெளியே எங்குமோ போக முடிவதில்லை. முன்பெல்லாம் சங்கத்தில் செய்த பணிகளை நினைத்து ஏங்குகிறேன். இப்போது செய்வது துணி மாற்றுவது, கூழ் ஊட்டுவது, உடம்பு துடைப்பது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது. இதை எல்லோரும் மகளின் கடமை என்கிறார்கள். தொண்டு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் இதில் தெளிவோ அமைதியோ வருவதில்லை, அசதிதான் வருகிறது. சொந்தத் தாய்க்குச் செய்வதில் உள்ளம் விரிய வழி உண்டா? அல்லது அயலாருக்குச் செய்தால்தான் அது நடக்குமா?

வார்டு அம்மா எழுதியது:

தங்கையே, நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உன் கேள்விதான் இந்த இழையிலேயே மிகவும் முக்கியமான கேள்வி. தயங்காதே.

அயலாருக்குச் செய்வதைக் காட்டிலும் சொந்தத் தாய்க்குச் செய்வது கடினம். பந்தியில் பரிமாறுகிறவருக்குச் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். உண்டவர் முகம் மலர்வதையும் பார்த்துவிடலாம். உனக்கு முடிவும் இல்லை, பேச்சிழந்த அம்மாவிடமிருந்து ஒரு நன்றிச் சொல்லும் இல்லை. பலனை எதிர்பார்க்காமல் செய்வது என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதை உண்மையிலேயே செய்துகொண்டிருப்பவள் நீதான். அசதியாக இருப்பதால் அது தொண்டு இல்லை என்று ஆகிவிடாது. அமைதி வரவில்லையே என்று உன்னை நீயே குறை சொல்லிக்கொள்ளாதே. தூங்காத உடம்புக்கு அமைதி வராது. அது உடம்பின் குறைதானே தவிர உள்ளத்தின் குறை அன்று.

வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பேன். பேச முடியாத நோயாளியைத் தொடுவதற்கு முன் அவருடைய கண்ணைப் பார்த்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும்: "அம்மா, இடப்பக்கம் திருப்பப்போகிறேன்", "இப்போது முதுகைத் துடைக்கப்போகிறேன்" என்று. பேச்சு போனவர்கள் பலருக்குக் கேட்பதும் புரிவதும் இருக்கும். சொல்லாமல் திருப்பினால் உடம்பு திடுக்கிட்டு விறைக்கும்; சொல்லித் திருப்பினால் முடிந்த அளவு அவரே ஒத்துழைப்பார். இதனால் நோயாளிக்கு நன்மை என்பது ஒரு பக்கம். சொல்கிறவளுக்கும் ஒன்று நடக்கும். ஒரு நாளில் பலமுறை செய்து சலித்துப்போன வேலை, ஒரு மனிதரோடு நடக்கும் உறவாக மறுபடியும் மாறும். நாள் முழுதும் இப்படி இருக்க முடியாது. ஒரு நாளில் ஒரு வேளை இப்படிச் செய், போதும். மற்ற வேளைகளில் வேலை வேலையாகவே நடக்கட்டும், குற்றமில்லை.

இன்னொன்று, கட்டாயம் செய்ய வேண்டியது. அண்ணனோ தம்பியோ, பக்கத்து வீட்டு உறவோ, யாராவது ஒருவரிடம் வாரத்தில் ஓரிரவு பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நீ தூங்கு. கேட்கக் கூச்சப்படாதே. உதவி கேட்பதும் மற்றவருக்குத் தொண்டு செய்ய வழி திறந்துவிடுவதுதான்.

குறிஞ்சிப்பாடியான் எழுதியது:

நான் கேட்டது வேறு, இங்கே கிடைத்தது அதைவிடப் பெரியது. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி கூறப் புகுந்தால் இழை நீண்டுவிடும். பந்தியில் இருந்த அன்பர் சொன்னது மட்டும் நெஞ்சில் ஆழமாகத் தைத்திருக்கிறது: பரிமாறும்போது என் மனம் இருக்கும் நிலை எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்பதை நான் எண்ணிப்பார்த்ததே இல்லை. அது உண்மையென்றால், என் உள்நிலை எனக்கு மட்டும் உரிய விவகாரம் அன்று. அவருடைய உணவின் ஒரு பகுதி அது. இனிப் பரிமாறும் வேகத்தைக் குறைத்து, ஒரு பந்திக்குக் குறைவான இலைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். எங்கள் குழுவில் படம் எடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும். சமைக்கும் இடத்தைப் படம் எடுக்கட்டும், உண்கிறவர்களை எடுக்கவேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

அருள்நெறித் தங்கைக்கு ஒரு கேள்வி. பேருபதேசத்தில் வள்ளலார் இடைவிடாத விசாரத்தையும் வலியுறுத்துகிறாரே, தொண்டு செய்கிறவர் அந்த விசாரத்தை எப்போது செய்வது?

அருள்நெறி மாணவி எழுதியது:

தனியே நேரம் ஒதுக்கித்தான் செய்ய வேண்டும் என்று நான் கருதவில்லை, ஐயா. நமக்கு மேல் நம்மை நடத்தும் தெய்வத்தின் நிலை என்ன, நம் நிலை என்ன என்று ஆராய்வதைத்தான் அவர் விசாரம் என்கிறார். காய் நறுக்கும் நேரம் அதற்கு மிகவும் ஏற்றது; கை பழகிய வேலையைச் செய்யும், மனம் இந்தக் கேள்வியோடு இருக்கலாம். பரிமாறும் நேரத்தில் அதைச் செய்ய முயன்றால் எதிரில் இருப்பவரை விட்டு மனம் விலகிவிடும். நான் கண்டவரை, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அன்று பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருவது நல்ல பயிற்சி. எத்தனை முகங்கள் நினைவுக்கு வருகின்றன என்பதே அன்று நம் கவனம் எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

இரவுத் துணை எழுதியது:

வார்டு அம்மாவுக்கு மிக்க நன்றி. காலையில் உடம்பு துடைக்கும் வேளையை நீங்கள் சொன்ன விதத்தில் செய்கிறேன். முதுகைத் துடைக்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா தாமாகவே தோளைச் சற்று நகர்த்தினார். அவருக்குப் புரிகிறது என்பதே எனக்கு இவ்வளவு நாளும் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. தம்பியிடமும் பேசிவிட்டேன், சனிக்கிழமை இரவு அவன் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு ஐயம் கேட்கலாமா? அம்மாவின் குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது. புண் இல்லை. எண்ணெய் தேய்த்து அழுத்திவிடலாமா?

வார்டு அம்மா எழுதியது:

வேண்டாம், சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் தசை இன்னும் கெடும். விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார். சிவப்பு வெளுத்துப் பிறகு திரும்பி வந்தால் அழுத்தத்தைக் குறைத்தாலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது. காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடமோ ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடமோ காட்டு. இரண்டில் எதுவானாலும், கெண்டைக்கால் முழுதும் தாங்கும்படி ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய். முழங்கால் மிகவும் நீட்டி விறைக்காமல் இலேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவதை விடாதே. மாற்றும்போதெல்லாம் குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு மூன்றையும் வெளிச்சத்தில் பார். சனிக்கிழமை இரவு வரும் தம்பிக்கும் இதை அருகிலிருந்து ஒருமுறை செய்துகாட்டிவிட்டுத் தூங்கப் போ.